பிடிஎஃப் கேட்டலாக்கில் படம் சேர்க்கும் வேலையை வேகப்படுத்த: ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எக்செல் ஷீட்டில் ஸ்டைல் நம்பர், துணி வகை, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற துணியின் எடை). பக்கத்திலேயே ஒரு ஃபோல்டர் நிறையப் போட்டோ. இரண்டையும் சேர்த்து, பையருக்கு அனுப்ப ஒரு பிடிஎஃப் கேட்டலாக். இதைப் பைத்தான் ஸ்கிரிப்ட்டால் செய்கிறவர்களுக்கான வழிகாட்டி இது. உதாரணங்கள் திருப்பூர் பனியன் ஆபீஸிலிருந்து வருகின்றன. கரூர் மேஜை விரிப்பு, சென்னிமலை பெட்ஷீட், கோவை பம்ப்செட் பார்ட்ஸ் லிஸ்ட் என்றாலும் படிகள் இவையேதான்.

ஸ்கிரிப்ட் ஏன் இப்படி இழுக்கிறது என்று புதிதாக வந்த பையன்களைக் கேட்டால், "லேப்டாப் பழசுங்கண்ணா, அதான்" என்பார்கள். பெரும்பாலும் லேப்டாப் மேல் குற்றமில்லை. பிடிஎஃப் பக்கத்தை எழுதுவது லேசான வேலை. போட்டோவை முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியையும் நினைவகத்தில் போட்டு, மறுபடி சுருக்கி உள்ளே வைப்பதில்தான் நேரம் கரைகிறது. பக்கத்தில் ஏறும் முன்பே படத்தின் வேலை முடிந்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பைத்தான், படங்களைக் கையாளப் பில்லோ, பிடிஎஃப் எழுத ஏதாவது ஒரு லைப்ரரி. ரிப்போர்ட்லேப், எஃப்பிடிஎஃப்2, பைமியூபிடிஎஃப் மூன்றுக்கும் இங்கே குறிப்பு உண்டு. எது உங்களுக்குப் பழக்கமோ அதிலேயே இருங்கள். வேகத்துக்காக லைப்ரரியை மாற்றுவது கடைசியில் யோசிக்க வேண்டியது. 4000 பிக்சல் போட்டோவை அப்படியே தூக்கிப் போட்டால் எந்த லைப்ரரியும் திணறும்.

பாப்லர் என்ற இலவசக் கருவித் தொகுப்பையும் நிறுவிக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் சரிபார்க்க அது வேண்டும்.

போட்டோக்கள் ஆபீஸ் நெட்வொர்க் டிரைவிலோ பென்டிரைவிலோ இருந்தால், முதலில் உங்கள் கணினிக்குள் காப்பி எடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் நெட்வொர்க் வழியாகப் படித்தால், ஸ்கிரிப்ட் மந்தமா, கேபிள் மந்தமா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

2. முதலில் அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். 20 ஸ்டைல் மட்டும் எடுத்து ஓட்டினால் போதும். படத்தைத் திறப்பது, அளவு மாற்றுவது, பக்கத்தில் வைப்பது, கோப்பைச் சேமிப்பது என்ற நான்கு இடங்களிலும் தனித்தனியாக நேரம் குறியுங்கள். அதற்குப் பைத்தானின் 'பெர்ஃப் கவுண்டர்' இருக்கிறது. இன்னும் விவரம் வேண்டுமென்றால் 'சி-புரொஃபைல்' ஓட்டலாம்.

இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம். நேராகப் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் உத்திக்குப் போய்விடுவார்கள். சேமிக்கும் இடத்தில் நேரம் போய்க்கொண்டிருந்தால், பிராசசரின் நான்கு கோரில் படத்தைச் சுருக்கி என்ன பயன்?

3. தாளில் படம் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போடுங்கள்

ஸ்கிரிப்ட்டைத் தொடும் முன் செய்ய வேண்டிய கணக்கு இது. ஒரு ஏ4 பக்கத்தில் ஒரு டி-ஷர்ட்டின் முன்பக்கப் படம் 60 மிமீ அகலம், 80 மிமீ உயரம் பிடிக்கிறது என்று வையுங்கள். ஓர் அங்குலத்துக்கு 25.4 மிமீ. திரையில் பார்க்கவும் சாதாரணமாகப் பிரின்ட் எடுக்கவும் 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி) போதும். அப்படியானால் தேவையானது 472 × 630 பிக்சல்.

போனில் எடுத்த போட்டோ 4000 × 3000 என்றால் 1.2 கோடி பிக்சல். தேவையைப் போல் சுமார் 40 மடங்கு. பிரித்துவைத்தால் பிக்சலுக்கு 3 பைட் வீதம் படம் ஒன்றுக்கு 36 எம்பி. 400 ஸ்டைலுக்கு முன், பின் என்று 800 படம் என்றால் 28 ஜிபிக்கு மேல் தரவு உங்கள் ஸ்கிரிப்ட் வழியாக ஓடுகிறது. திறந்த படங்களை எல்லாம் ஒரு லிஸ்ட்டில் சேர்த்துவைத்து, கடைசியில் ஒன்றாகப் பக்கத்தில் வைக்கிறேன் என்று எழுதினால் 8 ஜிபி ராம் உள்ள கணினி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும்.

கேட்டலாக் எப்படிப் போகப்போகிறது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். படம் ஒன்று 80 கேபி என்று வைத்தாலே 800 படத்துக்கு 64 எம்பி. ஜிமெயில் இணைப்பின் வரம்பு 25 எம்பி. மெயிலில்தான் போக வேண்டுமென்றால் 150 டிபிஐக்கு இறங்குங்கள், அதுவும் போதாவிட்டால் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று கேட்டலாக்கைப் பிரியுங்கள். "முதலில் பெரிதாகவே எடுத்துக்கலாம், அப்புறம் கம்ப்ரஸ் பண்ணிக்கலாம்" என்பது இரண்டு மடங்கு வேலை. பெரிய கோப்பை உருவாக்கும் நேரம் ஒன்று, அதைத் திரும்பப் படித்துச் சுருக்கும் நேரம் இன்னொன்று.

4. சிறிய படங்களைத் தனி ஃபோல்டரில் தயாராக்குங்கள்

மொத்த வழிகாட்டியில் அதிக நேரம் மிச்சமாகும் இடம் இதுதான். படம் தயாரிக்கும் ஸ்கிரிப்ட் வேறு, பிடிஎஃப் எழுதும் ஸ்கிரிப்ட் வேறு என்று பிரித்துவிடுங்கள். கேட்டலாக்கை ஒரே முறை ஓட்டி முடித்தவர் யாருமில்லை. விலைப் பட்டியலில் ஒரு எழுத்து மாறும், பையர் ஒரு கலரை எடுக்கச் சொல்வார், லோகோ இடம் மாறும். படம் மாறாதபோது படத்தின் வேலையை மறுபடி செய்யக் கூடாது.

ஒரு படத்துக்குள் படிகளின் வரிசை முக்கியம். இப்படி வையுங்கள்: திறப்பது, அளவைச் சுருக்குவது, நேராக்குவது, நிற விவரத்தைச் சரிசெய்வது, சேமிப்பது.

சுருக்குவதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பில்லோவின் 'தம்ப்நெயில்' செயல்பாடு, ஜேபெக் படம் என்றால் பிரிக்கும்போதே பாதி, கால், அரைக்கால் அளவில் பிரிக்கச் சொல்லிவிடும். ஜேபெக் அமைப்பே அதற்கு இடம் தருகிறது. 1.2 கோடி பிக்சலையும் வெளியே எடுக்கத் தேவையே வராது. ஆனால் படம் அதுவரை நினைவகத்துக்கு வராமல் இருந்தால்தான் இந்தச் சலுகை. முதலிலேயே திருப்பினாலோ நிற மாற்றம் செய்தாலோ படம் முழுதாகப் பிரிந்துவிடும், சலுகையும் போய்விடும். வரிசை ஒன்றை மாற்றினாலே ஸ்கிரிப்ட்டின் வேகம் மாறுவது இதனால்தான்.

சுருக்கும் சட்டத்தைச் சதுரமாகக் கொடுங்கள். நம் உதாரணத்தில் 630 × 630. விகிதத்தைத் 'தம்ப்நெயில்' தானே காப்பாற்றும். போட்டோ படுத்திருந்தாலும் நின்றிருந்தாலும் நீளப் பக்கம் 630-ல் நின்றுவிடும்.

அடுத்து நேராக்குவது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த போட்டோ, கோப்புக்குள் படுத்த நிலையில் இருந்து, 'இதைத் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை மட்டும் சுமந்திருக்கலாம். அதன் பெயர் எக்ஸிஃப். போட்டோ பார்க்கும் செயலிகள் அதைப் படித்துத் திருப்பிக் காட்டும். பிடிஎஃப்புக்குள் படம் போனபின் அந்தக் குறிப்பை யாரும் பார்ப்பதில்லை. டி-ஷர்ட் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். பில்லோவில் 'எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ்' என்று ஒரு செயல்பாடு இதற்காகவே இருக்கிறது. சுருக்கிய பிறகு அழைத்தால் திருப்புவதற்கு நேரமே ஆகாது.

நிறம். பனியன் ஆபீஸில் வேகத்தைவிட ஷேடு பெரிது. கேமராவில் அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் எடுத்த படத்தின் நிறவிவரத்தை, அதாவது எண்களை எந்த நிறமாகப் படிப்பது என்ற குறிப்பை, சேமிக்கும்போது தொலைத்தால், சிவப்பும் பச்சையும் மங்கித் தெரியும். பையர் அதை ஷேடு மாறிய சாம்பிள் என்றே எடுத்துக்கொள்வார். படத்துக்குள் நிறவிவரம் இருந்தால் திரைகளின் பொதுவான நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமியுங்கள். அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே ஜேபெக்கையும் இங்கேயே ஆர்ஜிபி ஆக்கிவிடுங்கள். ஃபோட்டோஷாப்பிலிருந்து வரும் சிஎம்ஒய்கே ஜேபெக்கில் எண்கள் தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காத இடத்தில் படம் நெகட்டிவ் போல் வரும்.

சேமிப்பது. ஜேபெக் தரத்தைக் குறிப்பிடாவிட்டால் பில்லோ 75 என்று எடுத்துக்கொள்ளும். துணிக்கு 85 வையுங்கள். இன்னொரு அமைப்பு 'சப்சாம்ப்ளிங்'. அதைச் சொல்லாமல் விட்டால் நிறத்தின் நுணுக்கம் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்படும். சாதாரணப் போட்டோவில் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு டி-ஷர்ட்டில் சிவப்பு பிரின்ட் இருந்தால் எழுத்தின் ஓரம் கசிந்தது போல் தெரியும். பிரின்ட் உள்ள ஸ்டைலுக்கு மட்டும் அதை 0 ஆக்குங்கள். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை.

ஸ்வாட்ச் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வளைவு நெளிவாக ஓரம் வெட்டிய துணித்துண்டை வெள்ளை மேஜையில் வைத்துக் கிட்டத்தில் எடுத்திருப்பார்கள். ரிப், பிக்கே போன்ற பின்னல் துணி, மெல்லிய ஸ்ட்ரைப் எல்லாம் சீரான கோடுகள். அவற்றை மலிவான முறையில் சுருக்கினால், துணியில் இல்லாத அலை அலையான பட்டை படத்தில் முளைக்கும். வேகத்துக்காக 'நியரஸ்ட்' முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 'லான்சோஸ்' கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தாலும் இங்கே அதுதான் சரி. அந்த நேரமும் ஒரு முறைதான் செலவாகப்போகிறது.

தயாரான படத்துக்குப் பெயர் வைப்பதில் கவனம் வேண்டும். மூலக் கோப்பின் பாதை, கடைசியாக மாறிய நேரம், கோப்பின் அளவு, நீங்கள் கேட்ட பிக்சல், தரம் இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஹாஷ் (அவற்றிலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறியீடு) எடுத்து அதையே பெயராக வையுங்கள். அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் தாண்டிப் போகலாம். வெறும் ஸ்டைல் நம்பரைப் பெயராக வைத்தால், சாம்பிளை மறுபடி போட்டோ எடுத்து அதே பெயரில் போட்ட பிறகும் பழைய படமே கேட்டலாக்கில் வந்துகொண்டிருக்கும். பையர் மீட்டிங்கில்தான் தெரியவரும்.

கரண்ட் போகும் ஊர் என்பதால் இன்னொன்று. படத்தை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் சரியான பெயருக்கு மாற்றுங்கள். நேரடியாக எழுதினால், பாதியில் நின்ற கோப்பு தயாரான படம் போல் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். அடுத்த ஓட்டத்தில் ஸ்கிரிப்ட் அதை நம்பித் தாண்டிப் போகும்.

5. ஜேபெக்கை ஜேபெக்காகவே உள்ளே அனுப்புங்கள்

பிடிஎஃப்புக்கு ஜேபெக் தெரியும். ஜேபெக் கோப்பின் பைட்டுகளை அப்படியே உள்ளே வைக்கலாம், பிரிக்கவே வேண்டாம். துணி ரோலை வந்தபடியே லாரியில் ஏற்றுவதற்கும், பிரித்து விரித்து மறுபடி சுற்றி ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் லைப்ரரிக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததுதான் இது. கோப்பின் பாதையையோ ஜேபெக் பைட்டுகளையோ கொடுத்தால் அப்படியே போகும். பில்லோவில் திறந்து சுருக்கிய பட ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தால், அது இனி ஜேபெக் அல்ல, வெறும் பிக்சல் குவியல். லைப்ரரி அதை வேறு முறையில் சுருக்கி எழுதும். நேரமும் கூடும், கோப்பும் வீங்கும். பைமியூபிடிஎஃப்பில் 'பிக்ஸ்மேப்' ஆக்கிக் கொடுப்பதும் இதே கதைதான்.

கோப்பாகச் சேமிக்க விருப்பமில்லை, நினைவகத்திலேயே வைக்க வேண்டும் என்றாலும், ஒரு பைட் பஃபரில் ஜேபெக்காகச் சேமித்து அந்த பஃபரைக் கொடுங்கள்.

வெப்பி, ஹெயிக் என்ற பட வடிவங்கள் இரண்டையும் பிடிஎஃப் நேரடியாக ஏற்காது. அவை 4-ஆம் படியிலேயே ஜேபெக் ஆகியிருக்க வேண்டும். ஐபோனிலிருந்து வரும் ஹெயிக் படத்தைத் திறக்கப் பில்லோவுக்குத் தனித் துணைநிரல் வேண்டும்.

6. பின்னணி நீக்கிய பிஎன்ஜி: மறைந்திருக்கும் சுமை

800 படத்தில் பத்துப் பதினைந்து மட்டும் தனியாக இழுத்தால், பெரும்பாலும் அவை பின்னணி நீக்கிய பிஎன்ஜிகளாகத்தான் இருக்கும். பிஎன்ஜியில் ஒளிபுகும் அடுக்கு, அதாவது எந்தப் புள்ளி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்ற தகவல், நிறத்தோடு கலந்தே எழுதப்பட்டிருக்கும். பிடிஎஃப்போ அந்த அடுக்கைத் தனிப் படமாகக் கேட்கிறது. ஆகவே லைப்ரரி படத்தைப் பிரித்து, நிறம் ஒரு பக்கம், முகமூடி (அந்த அடுக்கு) ஒரு பக்கம் என்று பிரித்து, இரண்டையும் தனித்தனியாகச் சுருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்தின் பின்னணி வெள்ளைதானே? அப்படியானால் ஒளிபுகும் அடுக்கே வேண்டாம். வெள்ளைத் தளம் ஒன்றை உருவாக்கி, அதன் மேல் படத்தை ஒட்டி, ஜேபெக்காகச் சேமியுங்கள். ஒட்டும்போது படத்தின் ஒளிபுகும் அடுக்கையே முகமூடியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நேராக ஆர்ஜிபிக்கு மாற்றினால், நீக்கிய பின்னணி கறுப்பாக வந்து நிற்கக்கூடும்.

வாஷ்கேர் குறியீடு, லோகோ போன்ற தட்டையான சித்திரங்களை ஜேபெக் ஆக்காதீர்கள். ஓரத்தில் அழுக்குப் படியும். அவற்றை ஒளிபுகும் அடுக்கு இல்லாத பிஎன்ஜியாகவே விடலாம்.

7. திரும்பத் திரும்ப வரும் படத்தை ஒரு முறை மட்டும் வையுங்கள்

கம்பெனி லோகோ எல்லாப் பக்கத்திலும் வரும். வாஷ்கேர் குறியீடு ஐந்தும் எல்லா ஸ்டைலுக்கும் வரும். பிடிஎஃப்பில் ஒரு படத்தை ஒரு முறை வைத்துவிட்டு, எத்தனை பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் அதைச் சுட்டலாம்.

பைமியூபிடிஎஃப்பின் 'இன்செர்ட் இமேஜ்' ஒரு எண்ணைத் திருப்பித் தரும். அது படத்தின் எக்ஸ்ரெஃப், அதாவது பிடிஎஃப்புக்குள் அந்தப் படத்தின் அடையாள எண். முதல் பக்கத்தில் அதைப் பிடித்துவைத்து, அடுத்த பக்கங்களில் கோப்புப் பெயருக்குப் பதிலாக அந்த எண்ணைக் கொடுங்கள். கோப்பைத் திறப்பதும் ஒப்பிடுவதும் அத்தோடு நிற்கும். பல ஸ்கிரிப்ட்டுகளில் இந்த எண் வந்ததும் கீழே விழுந்துவிடுகிறது, யாரும் வாங்கிவைப்பதில்லை.

ரிப்போர்ட்லேப்பில் 'டிரா இமேஜ்' இந்த வேலையைத் தானே செய்யும். 'டிரா இன்லைன் இமேஜ்' செய்யாது, ஒவ்வொரு முறையும் படத்தைப் பக்கத்துக்குள்ளேயே எழுதும். இரண்டும் திரையில் ஒரே மாதிரி தெரிவதால் பெயர் மாறியதைப் பலர் கவனிப்பதில்லை. எஃப்பிடிஎஃப்2-வில் ஒரே பாதையைக் கொடுத்தால் போதும், அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

8. லைப்ரரி வாரியாகச் சில அமைப்புகள்

ரிப்போர்ட்லேப் இயல்பாகப் பட பைட்டுகளை ஆஸ்கி85 என்ற எழுத்து வடிவுக்கு மாற்றும். 4 பைட் 5 எழுத்தாகும், அதாவது 25 சதவீதம் கூடுதல். அமைப்புகளில் 'யூஸ் ஏ85' என்பதை 0 ஆக்கினால் நேரமும் இடமும் மிச்சம்.

எஃப்பிடிஎஃப்2-வில் 'ஓவர்சைஸ்டு இமேஜஸ்' என்ற அமைப்பை 'வார்ன்' என்று வைத்தால், தேவைக்கு மேல் பெரிய படம் வரும்போது எச்சரிக்கும். 4-ஆம் படியில் எந்தப் படம் தப்பியது என்று கண்டுபிடிக்க நல்ல வழி.

9. பல கோர்களில் ஓட்டுவது

4-ஆம் படி இதற்குப் பொருத்தமானது. ஒரு படத்துக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை, ஒரே நேரத்தில் ஓடும் பல புராசஸ்களின் தொகுப்பான 'புராசஸ் பூல்' ஒன்றில் கொடுத்துவிடலாம். படத்தை அனுப்பாதீர்கள். பாதையை மட்டும் அனுப்பி, தயாரான கோப்பின் பாதையை மட்டும் திரும்ப வாங்குங்கள். பட ஆப்ஜெக்ட்டை ஒரு புராசஸிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவதே தனிச் செலவு.

விண்டோஸில், ஸ்கிரிப்ட்டின் தொடக்க வேலையை 'மெயின்' நிபந்தனைக்குள் வைக்க மறந்தால் ஒவ்வொரு புராசஸும் அதே வேலையை மறுபடி தொடங்கப் பார்த்துப் பிழையில் முடியும்.

பிடிஎஃப் எழுதும் பகுதியை ஒரே புராசஸில் விடுங்கள். படங்கள் தயாராக இருக்கும்போது அங்கே காத்திருக்க ஒன்றுமில்லை.

10. ஒரே முறை சேமியுங்கள்

ஒவ்வொரு பக்கத்துக்குப் பிறகும் கோப்பைச் சேமித்து, மூடி, மறுபடி திறக்கும் ஸ்கிரிப்ட்டுகள் நிறைய உண்டு. நடுவில் நின்றால் வேலை போய்விடுமே என்ற பயம். படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை. மறுபடி ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் அதே இடத்துக்கு வந்துவிடலாம்.

பைமியூபிடிஎஃப்பில் சேமிக்கும்போது 'கார்பேஜ்' 4 என்று போடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. ஒரே மாதிரி உள்ள தரவுகளை எல்லாம் ஒப்பிட்டு ஒன்றாக்கும் அமைப்பு அது. பெரிய கோப்பில் நேரம் பிடிக்கும். 7-ஆம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் ஒன்றாக்க எதுவும் மிச்சமிருக்காது.

11. முடிந்ததும் உள்ளே திறந்து பாருங்கள்

பாப்லரில் 'பிடிஎஃப் இமேஜஸ்' என்ற கட்டளை இருக்கிறது. அதை 'லிஸ்ட்' தெரிவோடு ஓட்டினால் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள படங்களை வரிசையாகக் காட்டும். மூன்று நெடுவரிசைகளைப் பார்த்தால் போதும்.

குறியாக்க நெடுவரிசையில் டி-ஷர்ட் போட்டோக்களுக்கு நேரே 'ஜேபெக்' என்று இருக்க வேண்டும். 'இமேஜ்' என்று இருந்தால் எங்கோ பிக்சலாகப் பிரிந்திருக்கிறது, 5-ஆம் படிக்குத் திரும்புங்கள். ஆப்ஜெக்ட் எண் நெடுவரிசையில் லோகோவுக்கு எல்லாப் பக்கத்திலும் ஒரே எண் வர வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எண் மாறினால் 7-ஆம் படி வேலை செய்யவில்லை. அந்தப் பட்டியலில் லோகோவே இல்லை என்றால் அதை வெக்டராக (பிக்சலாக இல்லாமல் கோடுகளாக) வைத்திருக்கிறீர்கள், அது நல்லதுதான்.

பிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) நெடுவரிசையில் நீங்கள் கணக்குப் போட்ட 200-ஐ ஒட்டி எண்கள் வரும். 1200, 1300 என்று ஒன்றிரண்டு தெரிந்தால், அந்த ஸ்டைலின் போட்டோ மட்டும் தயார் ஃபோல்டர் வழியாக வராமல் மூல ஃபோல்டரிலிருந்து நேராக வந்திருக்கிறது. பெரும்பாலும் கோப்புப் பெயரின் வால் பெரிய எழுத்தில் இருப்பதால், உங்கள் வடிகட்டி அதைப் பார்க்காமல் விட்டிருக்கும். பெயரைச் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடும்படி ஒரு வரியை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.